இசைத் தொகுதியும் அதன் இடப்பெயர்வும்

தேவாரத் திருப்பதிகங்கள் மீண்டும் கிடைத்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் விரித்துரைக்கின்றது. தில்லையிலே பூட்டுண்டு கிடந்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணைகொண்டு சோழமன்னன் வெளிப்படுத்தினான் என்பதும், அவ்வேடுகளுட் பல செல்லுக்கு இரையாகியிருந்தன என்பதும் நம் மாணவர் யாவரும் அறிந்த செய்திகள். அதன்பின் நிகழ்ந்ததாக அந்நூல் கூறுவது அத்துணைப் பரவலாக நினைக்கப்படுவதில்லை. எஞ்சிய ஏடுகளிலே பாட்டு இருந்தது. பாட்டுக்குரிய பண்முறை புலப்படவில்லை. ஆகவே, திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபிலே தோன்றிய பெண்ணொருவரை எருக்கத்தம்புலியூரிலே கண்டு, அவர்வாயிலாகப் பண்கள் வகுக்கப்பெற்றன என்பது மரபு. பாட்டை ஏடு காத்தது. பாடும் முறையை ஒரு குடும்பத்தின் நினைவு காத்தது.

பாட்டு ஓரிடத்தும், பாட்டைப்பற்றிய அறிவு பிறிதோரிடத்தும் இருத்தல் இசைத் தொகுதிகளுக்கெல்லாம் பொதுவான இயல்பாகும். ஒரு தொகுதி இடம்பெயருங்கால், முன்னது எளிதிற் செல்லும். பின்னதோ வழியிற் சிதறும். இவ்வுண்மையை, இக்காலத்து இளைஞர் பலர் கையாளும் ஒரு கருவியைக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். அக்கருவி யாதெனின், டீ.ஜே. எனப்படுவோர் பாட்டோடு பாட்டை இடையறாது தொடுத்து இசைப்பதற்குப் பயன்படுத்தும் கணினி மென்பொருளாகும்.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே ஒலிபெருக்கியின்றி ஒரு திருவிழாவோ திருமணமோ நடைபெறுதல் அரிது. பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை ஆகிய மலைப்புறங்களிலே ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒலிக்கும் பாட்டு எதிர்மலைத் தோட்டத்து லயத்திற் கேட்கும். முற்காலத்திலே ஒலிபெருக்கிக்காரர் இசைத்தட்டுப் பெட்டியைச் சுமந்து சென்றார். பின்னர் ஒலிநாடா வந்தது. அதன்பின் இறுவட்டு வந்தது. இன்று ஒரு மடிக்கணினியும் ஒரு வன்தட்டும் போதுமானவை. அன்று தட்டுப்பெட்டியைத் திறந்த மாத்திரத்தே எந்தத் தட்டு எவ்விடத்திலுள்ளது, எந்தப் பாட்டுக்கு எது பொருந்தும், எந்தத் தட்டின் எந்தக் கோட்டிலே ஊசி துள்ளும் என்பனவற்றை அவர் தம் நெஞ்சிலே வைத்திருந்தார். இன்று அவ்வறிவின் பெரும்பகுதியைக் கணினி வைத்திருக்கின்றது. தட்டுப்பெட்டியைப் பிறர்கையில் ஒப்படைத்தாலும் அவருடைய அறிவு அவரோடிருந்தது. இக்காலத்து இளைஞரோ மென்பொருளை மாற்றுங்கால், தம் அறிவையும் அங்கேயே விட்டுவர நேரிடுகின்றது.

மென்பொருளை ஏன் மாற்றல் வேண்டும் என வினவலாம். காரணங்கள் பல. வாடகைக்குக் கிடைக்கும் இசைக்கருவி வேறு மென்பொருளுக்கே இசைவதாயிருக்கலாம். மாதக் கட்டணம் கட்டுப்படியாகாதிருக்கலாம். கணினி பழுதுற்றுப் புதியது வாங்கப்படலாம். இரு நண்பர் கூடித் தொழில் நடத்தும்போது ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றொன்றையும் பழகியிருக்கலாம். இன்று பெருவழக்கிலுள்ள மென்பொருள்கள் சிலவே. நியூசிலாந்திலே ஒக்லண்ட் நகரிலிருந்து வெளிவருவது செராட்டோ. பேர்லினிலே தோன்றியது ட்ராக்டர். யப்பானியப் பயனியர் நிறுவனத்தின் வழிவந்தது ரெக்கோட்பொக்ஸ். இவற்றோடு வேர்ச்சுவல் டீ.ஜே., எஞ்சின் டீ.ஜே. என்பனவும், எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் என்பதும் உள. இவை யாவும் ஒரே தொழிலைச் செய்வன. ஆயினும் ஒன்றன் குறிப்பை மற்றொன்று தானாகவே படித்துக்கொள்ளும் எனக் கருதலாகாது.

இனி, இசைத் தொகுதி என்பதன் கூறுகளை நோக்குவோம். முதலாவது கூறு பாட்டுக் கோப்பு, அஃதாவது ஒலி. இரண்டாவது கூறு அப்பாட்டைப்பற்றி டீ.ஜே. செய்துவைத்த குறிப்புகள். பாட்டின் எவ்விடத்திலே தொடங்கவேண்டும், எவ்விடத்திலே அடுத்த பாட்டுக்குத் தாவவேண்டும் எனக் காட்டும் கியூ குறிகள் ஒருவகை. ஒரு பகுதியை மீளமீள ஒலிக்கச் செய்யும் லூப்புகள் ஒருவகை. தாள அடிகள் எங்கெங்கே விழுகின்றன எனக் காட்டும் தாளக்கட்டம் மற்றொருவகை. சுருதி, வேகம், தரமதிப்பீடு, எத்தனைமுறை ஒலித்தது என்னும் கணக்கு, இன்ன நிகழ்ச்சிக்கு இன்ன வரிசை என வகுத்த பாட்டுநிரல் ஆகியனவும் இவற்றுள் அடங்கும்.

இக்குறிப்புகளை ஆக்குதற்கு ஆகும் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஒரு பாட்டைக் கேட்டுக் குறியிடுதற்கு ஐந்து நிமிடம் எனக் கொள்வோம். 2,000 பாட்டுகளுக்கு 10,000 நிமிடங்கள். ஏறத்தாழ 167 மணித்தியாலங்கள். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்வோர்க்கு இஃது 21 நாள் வேலை. தோட்டத்துச் செக்ரோல் கணக்கிலே சொல்வதாயின் 21 பேர். பாட்டுக் கோப்பை எவரிடமிருந்தும் மீண்டும் பெறலாம். இந்த 21 பேரை எவரிடமிருந்தும் பெறவியலாது.

இக்குறிப்புகள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதே இடப்பெயர்வின் முழுச் சிக்கலுக்கும் அடிப்படையாகும். இதிலே மென்பொருள்கள் இருவேறு நெறிகளைப் பின்பற்றுகின்றன. செராட்டோ, கியூ குறிகளையும் தாளக்கட்டத்தையும் பாட்டுக் கோப்பின் உள்ளேயே, அதன் விவரச்சீட்டிலே எழுதிவைக்கின்றது. பாட்டுநிரல்களை மட்டும் தனக்கெனவுள்ள ஒரு கோப்புறையில் வைக்கின்றது. ட்ராக்டர், குறிப்புகளின் முதன்மைப் பதிவைத் தனியானதொரு பட்டியற் கோப்பிலே வைத்துக்கொள்கின்றது. வேர்ச்சுவல் டீ.ஜே. வன்தட்டுத்தோறும் ஒரு பட்டியலை வைக்கின்றது. இவ்விரு பட்டியல்களும் சாதாரண எழுத்தாலானவை. முறை தெரிந்தவர் திறந்து படிக்கலாம். ரெக்கோட்பொக்ஸ் தன் குறிப்புகளை ஒரு தரவுத்தளத்திலே வைக்கின்றது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாம் பதிப்பிலிருந்து அத்தரவுத்தளம் மறைகுறியிட்டுப் பூட்டப்பட்டுள்ளது. ஆயினும் எக்ஸ்.எம்.எல். என்னும் பொதுவடிவிலே தொகுதியை வெளியே எழுதித்தரும் வழியொன்றை அது திறந்துவைத்திருக்கின்றது.

இதனை நம் பாடசாலை வழக்கத்தோடு ஒப்பிடலாம். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு ஒரு பிள்ளை பாடசாலை மாறிவருகின்றது. விடுகைப் பத்திரத்திலே பெயர், பிறந்த திகதி, படித்த வகுப்பு ஆகியன இருக்கும். அப்பிள்ளை கணக்கிலே எந்த இடத்தில் இடறும், எந்தச் சொல்லால் ஊக்கமடையும் என்பன முன்னை ஆசிரியரின் குறிப்பேட்டிலே இருக்கும், அக்குறிப்பேடு உடன்வருவதில்லை. செராட்டோவின் முறை, பிள்ளையின் சட்டைப்பையிலேயே குறிப்பை வைத்தனுப்புவதைப் போன்றது. ஏனையவற்றின் முறை, குறிப்பேட்டை ஆசிரியர் அறையிலே வைத்திருப்பதைப் போன்றது. முன்னதிலே நன்மையுண்டு, ஆயினும் அக்குறிப்பை எழுதிய முறையைப் பிறர் படிக்கக் கற்றிருந்தாலன்றி அந்நன்மை கைகூடாது.

இடப்பெயர்வின்போது நேரும் பிழைகளுள் முதலாவது, முகவரிப் பிழை. பட்டியலிலே பாட்டு இல்லை. பாட்டு இருக்குமிடத்தின் முகவரியே உண்டு. விண்டோஸ் கணினியிலே டீ என்னும் எழுத்தாற் குறிக்கப்பட்ட வன்தட்டு, புதிய கணினியிலே ஈ என்னும் எழுத்தைப் பெறுமாயின், அத்தனை முகவரிகளும் ஒருங்கே பொய்யாகிவிடும். பாட்டுகள் அனைத்தும் வன்தட்டிலே இருக்க, மென்பொருள் அவை காணாமற்போயின எனக் கூறும். கோப்புறையின் பெயரை அழகுபடுத்த எண்ணி மாற்றினும் இதுவே நிகழும். லயத்தின் இலக்கத்தை மாற்றிவிட்டுப் பழைய இலக்கத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு இஃது ஒப்பாகும்.

இரண்டாவது பிழை தமிழெழுத்தைச் சார்ந்தது. ஆதலால் நமக்கு மிகவும் அணித்தானது. இலங்கையிலே பல்லாண்டுகளாகப் பாமினி முதலிய எழுத்துருக்களால் தமிழைத் தட்டச்சுச் செய்துவந்தோம். பாமினியிலே அகரம் என நாம் காண்பது, கணினியின் கணக்கிலே ஆங்கில எம் எழுத்தேயாகும். அதற்குத் தமிழுருவத்தைப் போர்த்துவது எழுத்துரு மட்டுமே. அவ்வெழுத்துருவை அறியாத மென்பொருளிலே பாட்டின் பெயர் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாய்த் தோன்றும். ஒருங்குறி எனப்படும் யூனிக்கோட் முறையிலே தமிழெழுத்துக்குத் தனக்குரிய எண் உண்டு. பழம்பெயர்களை அம்முறைக்கு மாற்றாமல் தொகுதியை இடம்பெயர்த்தல், கிழிந்த சாக்கிலே கொழுந்தைக் கட்டி அனுப்புவதாகும்.

ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. கொழுந்து என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாலும் எழுதலாம். எகரக் குறியும் காற்குறியுமாகப் பிரித்து இரண்டு எண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின், எண்ணை எண்ணோடு ஒப்பிடும் பொறிக்கு அவை வேறுவேறு சொற்கள். ஆப்பிள் கணினிகளிலே முன்பிருந்த கோப்பு ஒழுங்கு இத்தகைய எழுத்துகளைப் பிரித்தே வைத்தது. விண்டோஸ் கணினியோ தட்டியவாறே வைக்கும். எனவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் தொகுதியிலே கொ, கோ, மொ, மோ முதலிய எழுத்துகளையுடைய பாட்டுகள் மட்டும் காணாமற்போதல் கூடும். ஆங்கிலப் பெயருள்ள பாட்டுகள் குறைவின்றி வந்துசேரத் தமிழ்ப் பெயருள்ளவை மட்டும் தவறினால், குற்றம் கோப்பிலன்று, இவ்வெழுத்து நுட்பத்திலே இருக்கலாம் என அறிந்துகொள்க.

இடவளவிலும் தமிழ் நெருக்கடிக்குள்ளாகின்றது. எம்.பி.3 கோப்பின் பழைய விவரச்சீட்டு முறையாகிய ஐ.டி.3 முதற் பதிப்பு, பாட்டின் பெயருக்கு 30 இடங்களையே ஒதுக்கியது. ஆங்கில எழுத்தொன்று ஓரிடத்தைக் கொள்ளும். பரவலான ஒருங்குறி வடிவிலே தமிழ்க் குறியொன்று மூன்று இடங்களைக் கொள்ளும். நாம் நான்கெழுத்தாக எண்ணும் கொழுந்து என்னும் சொல்லிலே எட்டுக் குறிகள் உள. அவை 24 இடங்களை நிரப்பிவிடும். அதனையே இணைய முகவரி எழுதும் முறையிலே எழுதினால் 72 குறிகளாக நீளும். ஆகவே, பழைய விவரச்சீட்டைக் களைந்து, ஐ.டி.3 இரண்டாம் பதிப்பு முறைகளிலே பெயர்களை எழுதிவைத்தலே தக்கது.

மூன்றாவது பிழை, ஒரு மென்பொருளிலுள்ள குறிக்கு மற்றொன்றிலே இடமில்லாமை. ரெக்கோட்பொக்ஸிலே விரைவாய் அழுத்தித் தாவும் குறிகள் ஒருவகை, நினைவுக்காக இட்டுவைக்கும் குறிகள் மற்றொருவகை. செராட்டோவிலே இவ்வேறுபாடு இல்லை. ஆகவே நினைவுக் குறிகளை விடவேண்டும், அல்லது விரைவுக் குறிகளாக மாற்றவேண்டும். செராட்டோவிலே லூப்புகளுக்குத் தனியிடம் உண்டு; வேறு சிலவற்றிலே அவை கியூ குறிகளின் இடத்தையே பங்கிட்டுக்கொள்ளும். சுருதியை எழுதும் முறையும் வேறுபடும். இன்ன வேகத்துக்கு மேற்பட்டவை, இன்ன ஆண்டுக்குரியவை எனும் விதிகளால் தானே நிரம்பும் பாட்டுநிரல், மாற்றத்தின்பின் விதியை இழந்து வெறும் பட்டியலாய் நின்றுவிடுதல் பெரும்பான்மை.

நான்காவது பிழை மிகச் சிறியது. ஆயினும் காதுக்குப் புலனாவது. எம்.பி.3 கோப்பு, ஒலியைச் சிறுசிறு சட்டங்களாக வகுத்து வைத்திருக்கும். ஒரு சட்டத்திலே 1,152 ஒலி மாதிரிகள் அடங்கும். ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எனும் வழக்கப்படி, ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிசெக்கன் நீளமுடையது. கோப்பின் முதற் சட்டம் பல வேளைகளிலே ஒலியன்று, கோப்பைப்பற்றிய குறிப்பே. அதனை ஒரு மென்பொருள் ஒலியாகக் கணக்கிட, மற்றொன்று தள்ளிவிடும். ஆகவே, ட்ராக்டரிலிருந்து ரெக்கோட்பொக்ஸுக்குச் செல்லும்போது சில கோப்புகளிலே அத்தனை குறிகளும் 26 மில்லிசெக்கன் விலகி நிற்றலைப் பலர் கண்டிருக்கின்றனர். நிமிடத்துக்கு 120 அடி செல்லும் பாட்டிலே ஓரடி 500 மில்லிசெக்கன். இவ்விலகல் அதன் இருபதிலொரு பங்கு. தனிப்பாட்டாகக் கேட்போர்க்கு இது தெரியாது. இரண்டு பாட்டுகளைத் தாளத்தோடு தாளம் பொருத்தி ஒலிக்கும்போதோ, ஒரு தப்பை இருவர் சற்றே முன்பின்னாக அடித்தாற்போல் ஒலி தடித்துக் கேட்கும். எல்லாக் கோப்புகளிலும் இது நேர்வதில்லை என்பதே இதன் இடர்ப்பாடு. ஆதலால் மொத்தமாகத் திருத்தவும் இயலாது.

தப்பைப்பற்றிக் கூறினோம், அங்கேதான் நம் மாகாணத்துக்குரிய பொருள் உள்ளது. திரைப்பாட்டின் குறிகள் அழிந்தால் உழைப்பு வீணாகும், பாட்டு அழியாது. அதன் பெயரையும் பாடியவரையும் இசையமைத்தவரையும் உலகம் அறியும். ஆனால் தோட்டத்து இளைஞரின் கணினியிலே திரைப்பாட்டு மட்டுமா இருக்கின்றது? மாசி மாதத்துக் காமன் கூத்திலே பாடியதும், பொன்னர் சங்கர் ஆடிய இரவிலே ஒலித்த தப்பும், கோயிற் கும்மியும், முதியவள் ஒருத்தி துக்கவீட்டிலே சொன்ன ஒப்பாரியும் கைப்பேசியிற் பதிவாகி அத்தொகுதியிலே சேர்ந்துவிடுகின்றன. அவற்றுக்கு வேறு பட்டியல் இல்லை. எத்தோட்டத்தில், எவ்வாண்டில், எவர் பாடினார், எச்சடங்கிலே என்பன அந்த ஒரு கணினியின் ஒரு மென்பொருளிலே, குறிப்பு என்னும் கட்டத்துள் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அக்குறிப்பு அழிந்தால், எஞ்சுவது பெயரில்லாத ஓர் ஒலி. பண் தெரியாத பதிகத்தின் நிலையே அதற்கும் நேரும்.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் (1914–1984) மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி நூல்வடிவிலே தந்தார். அப்பணியாலேயே அப்பாடல்களின் சொற்கள் நம் கைக்கு வந்தன. அச்சு, சொல்லைத் தரும். மெட்டையும் தப்பின் நடையையும் தரவியலாது. இன்று ஒலியையே பதிந்துவைக்கும் வாய்ப்பு ஒவ்வோர் இளைஞனின் கையிலும் இருக்கின்றது. ஆயின், அவர் சொல்லோடு சேர்த்துத் தந்த விளக்கத்தை நாம் ஒலியோடு சேர்த்து வைக்கின்றோமில்லை.

இத்தகைய பதிவுகளுக்கு இடப்பெயர்விலே தனியான இடர்களும் உள. முதலாவது, தப்பின் நடை ஒரே வேகத்திற் செல்வதன்று. கூத்து உச்சத்தை அடைய அடைய அடியும் விரையும். இயந்திரத்தால் ஆக்கிய இசைக்கு ஒரே வேகத் தாளக்கட்டம் போதும். தப்புக்கோ இடத்துக்கிடம் மாறும் தாளக்கட்டம் வேண்டும். செராட்டோ அதனை ஏற்கும். ட்ராக்டர் 2024இல் வெளிவந்த நான்காம் பதிப்பிலேயே அத்தகைய நெகிழ்கட்டத்தைப் பெற்றது. அதற்கு முந்திய பதிப்புக்கு மாற்றினால், பொறுமையோடு கையால் இட்ட தாளக்குறிகள் ஒரே சட்டத்துள் அடைக்கப்பட்டுப் பிழையாகிவிடும். இரண்டாவது, ஒலிப்பதிவுக் கருவிகள் பலவும் தரும் வேவ் என்னும் கோப்புவகை, விவரச்சீட்டைத் தாங்குவதிலே ஒருமைப்பாடு இல்லாதது. ஒரு மென்பொருள் எழுதியதை மற்றொன்று காணாமற் போகலாம். ஒலித்தரம் குறையாமலே விவரத்தையும் தாங்கவல்ல பிளாக் என்னும் வகைக்கு மாற்றி வைத்தல் பாதுகாப்பானது.

இவ்விடத்திலே கட்டண முறையில் இணையத்தினின்று நேரே ஒலிக்கும் பாட்டுகளைப்பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். ஸ்பொட்டிபை நிறுவனம் 2020 ஆடி மாதத்தோடு டீ.ஜே. மென்பொருள்களுக்குத் தன் பாட்டுகளை வழங்குதலை நிறுத்தியது. 2025இலேயே சிலவற்றுக்கு மீண்டும் வழங்கத் தொடங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டும், அதனை நம்பி வகுத்த பாட்டுநிரல்கள் அம்மென்பொருள்களிலே ஒலியாது கிடந்தன. பாட்டைக் கோப்பாக வைத்திருப்பவர் அதனை எங்கும் கொண்டுசெல்லலாம். வாடகைக்குக் கேட்பவர் உரிமையாளர் விரும்பும்வரையே கேட்கலாம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் உறுதிப்பத்திரம் இல்லாத லயத்து அறையை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, இடம்பெயர்க்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவாம். முதற்கண் தொகுதி முழுவதையும், பட்டியற் கோப்புகளையும் சேர்த்து, இரண்டு பிரதிகள் எடுத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு வீட்டிலே இருத்தல் வேண்டும். மழையும் மண்சரிவும் உள்ள மலைநாட்டிலே ஒரே அலுமாரியில் வைத்த இரண்டு பிரதிகள் ஒரு பிரதிக்கே சமம். அடுத்து, பழைய மென்பொருளிலே இருந்துகொண்டே பெயர்களை ஒருங்குறிக்கு மாற்றி, இரட்டித்த பாட்டுகளைக் களைந்து, காணாமற்போனவற்றைக் கண்டுபிடித்து ஒழுங்குசெய்க. வீடு மாறிய பின்னர்க் குப்பை களைதலினும், மாறுமுன் களைதல் எளிது.

அதன்பின், குறிப்புகளை எவ்வழியாகக் கொண்டுசெல்வது எனத் தெரிக. எஞ்சின் டீ.ஜே., மிக்ஸ் ஆகியன பிறமென்பொருள்கள் சிலவற்றின் தொகுதிகளைத் தாமே படிக்கவல்லன. ரெக்கோட்பொக்ஸினின்று எக்ஸ்.எம்.எல். வடிவிலே வெளியெடுக்கலாம். இவை போதாவிடத்து, லெக்சிகன் போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் இடைநின்று ஒன்றன் குறிப்பை மற்றொன்றன் முறைக்கு மாற்றித் தரும். எவ்வழியாயினும் முழுத்தொகுதியையும் ஒரேமுறையில் மாற்றலாகாது. முதலிலே 20 பாட்டுகளைத் தெரிந்தெடுக்க. அவற்றுள் தமிழ்ப்பெயர் உள்ளனவும் ஆங்கிலப்பெயர் உள்ளனவும், ஒகரம் ஓகாரம் வருவனவும், பழைய எம்.பி.3 கோப்பும் புதியதும், தப்பொலிப் பதிவொன்றும், லூப்பு உள்ள பாட்டொன்றும் இடம்பெறுக. அவற்றை மாற்றியபின் கண்ணாற் பார்த்தால் மட்டும் போதாது. இரண்டிரண்டாகத் தொடுத்து ஒலிக்கச்செய்து காதாற் கேட்டல் வேண்டும். 26 மில்லிசெக்கன் விலகலைத் திரையிலே காண்டல் அரிது. செவி உடனே காட்டிக்கொடுக்கும்.

சோதனை தேறியபின்னரே முழுத்தொகுதியை மாற்றி, பாட்டுகளின் தொகையையும் பாட்டுநிரல்களின் தொகையையும் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க. பழைய மென்பொருளை ஒரு திருவிழாப் பருவம் கழியும்வரை கணினியிலிருந்து நீக்காதிருத்தல் அறிவுடைமை.

இவையனைத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. நம் சொந்தப் பதிவுகளுக்கு எம்மென்பொருளையும் சாராத ஒரு பதிவேடு வேண்டும். பாட்டின் கோப்புப் பெயர், பாடியவர், தப்படித்தவர், தோட்டமும் டிவிசனும், திகதி, சடங்கு, பதிந்தவர், பாடியவரின் இசைவு பெறப்பட்டதா என்பது, மெட்டைப்பற்றிப் பாடியவர் சொன்ன விளக்கம் ஆகியவற்றை நிரைநிரையாக எழுதுக. கணினியிலே சாதாரண எழுத்துக் கோப்பாக ஒரு பிரதியும், கொப்பியிலே மையால் எழுதியதாக ஒரு பிரதியும் இருக்கட்டும். மென்பொருள்கள் தோன்றும், மறையும். நிறுவனங்கள் கைமாற முயலும். ரெக்கோட்பொக்ஸை வெளியிடும் அல்பாதீட்டா நிறுவனம் செராட்டோவை விலைக்கு வாங்க முற்பட்டபோது, போட்டி குறையும் என்று கண்ட நியூசிலாந்து வணிக ஆணைக்குழு 2024இல் அதற்கு இசைவளிக்க மறுத்தது. இத்தகைய தீர்ப்புகள் நம் கையில் இல்லை. நம் பதிவேடு நம் கையில் இருக்கின்றது. அதனைப் படிப்பதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டா.

பாடசாலைகள் இதிலே செய்யக்கூடிய பணியும் சிறிதன்று. உயர்தர வகுப்பிலே தமிழ் பயிலும் மாணவர்க்கு நாட்டார் பாடலைப் பாடமாக நடத்துகின்றோம். அவர்தம் அண்ணன்மாரின் மடிக்கணினிகளிலே அப்பாடல்கள் ஒலியாக உறங்குகின்றன. ஒரு தவணைக்கு ஒரு மாணவர் பத்துப் பதிவுகளுக்கு விவரம் எழுதுவாராயின், 30 பேர் கொண்ட வகுப்பொன்று தவணைதோறும் 300 பதிவுகளுக்குப் பெயரும் ஊரும் தந்துவிடும். பாடியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதவேண்டிய வேலை இது. எருக்கத்தம்புலியூருக்குச் சென்றவர்களுக்குப் பண்ணறிந்த ஒருவர் அங்கே இருந்தார். மடூல்சீமையிலும் லுணுகலையிலும் இன்று இருக்கும் முதியோர் இன்னும் எத்துணை ஆண்டு இருப்பர் என்பதை எண்ணி, இவ்வாண்டு விடுமுறையிலேயே பணியைத் தொடங்குதல் நம் கடன்.